அயல்நாட்டிற் பிறந்தநாள்

அயல்நாடுகளில் வாழும் நம் பழைய மாணாக்கருட் சிலர், பிறந்தநாளன்று ஊரை நினைந்து தனித்திருப்பர். சிலர் தமிழரை மட்டும் அழைத்து விருந்தயர்வர். இவ்விரண்டினும் சிறந்த வழியொன்று உண்டென்பது எம் கருத்து.

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் நம் மதுரையில் அரையாடை பூண்ட காந்தியடிகள், 1931-இல் அவ்வுடையுடனேயே வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்றார்; நகரின் கிழக்கே, ஏழைத் தொழிலாளர் நடுவே, கிங்ஸ்லி மண்டபத்தில் தங்கினார். காலைதோறும் அத்தெருக்களில் உலவி அவர்களோடு பழகினார். அக்டோபர் 2-ஆம் நாள் அவருக்கு 62 வயது நிறைந்தபோது, அப்பகுதிச் சிறார் பொம்மைகளும் மிட்டாயும் பரிசளித்தனர்.

அவர் தம் உடையை மாற்றிலர், அயலாரையும் விலக்கிலர். ஆதலின் நண்பர்காள், பிறந்தநாளில் நம் ஊர்ப் பாயசமே காய்ச்சுக. முதற் கிண்ணத்தை அண்டைவீட்டுக் குழந்தைக்கு அளிக்க.