வடவமா, வதுவானா?

பொங்கலுக்கு லியோனிலிருந்து வந்த பேத்தி எனக்கென்று ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தாள். "தாத்தா, இது என்னன்னு கண்டுபிடிங்க. பிரெஞ்சு மசாலா. அங்க பெரிய ஓட்டல்ல எல்லாம் இதத்தான் போடறாங்க" என்றாள். டப்பாவின் மேல் 'வதுவான்' என்று பிரெஞ்சில் அச்சடித்திருந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். வெங்காயம், பூண்டு, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், கறிவேப்பிலை. மூடியைத் திறந்து மோந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் வீட்டு வடவம். சரியாகச் சொன்னால், வடவத்தின் தூரத்துச் சொந்தம்.

நான் பாண்டிச்சேரியில் பிறந்தவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்தபோது நான் கைக்குழந்தை. ஆட்சி போன பிறகும் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு போகவில்லை. பிரெஞ்சில் படித்து, தமிழில் கோப்பு எழுதி, ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவன் நான். அந்தப் படிப்பு உத்தியோகத்துக்கு உதவியதே இல்லை. இந்த டப்பாவைப் படிக்க உதவியது.

பெயரைப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் 'வடவம்' என்போம். வாயால் சொல்லும்போது கடைசி 'ம்' முழுசாக வராது, மூக்கோடு நின்றுவிடும். பிரெஞ்சுக்காரனுக்கு அந்த மூக்கொலி பழக்கமானது. அதைத் தன் எழுத்தில் 'அன்' என்று எழுதிக்கொண்டான். கட்டுமரம் 'கட்டமரன்' ஆனதும் இதே வழியில்தான். பெயர் தமிழ் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

தாம்பரத்தில் இதைக் கேட்டு வாங்குவது தனிக் கதை. சண்முகம் சாலையில் ஒரு மளிகைக் கடையில் "வடகம் இருக்கா?" என்றேன். "இருக்கு சார், ஜவ்வரிசியா, அரிசிக் கூழா?" என்று பொரிக்கிற வடகத்தை எடுத்துப் போட்டார். "அது இல்லப்பா, தாளிக்கிற வடகம். கருப்பா, உருண்டையா இருக்கும்" என்றேன். பையன் உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தான். பிரித்தால் கல்பாசி! அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரே பெயரில் இரண்டு பொருள். தஞ்சாவூர், கடலூர்க்காரர்களிடம் கேட்டால் ஒன்று தருவார்கள், மற்றவர்கள் வேறொன்று தருவார்கள். ஆகவே 'தாளிப்பு வடகம்' என்று முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் செய்முறை. ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ள வேண்டும், அரைக்கக் கூடாது. பூண்டு 200 கிராம், தோலோடு தட்டியது. தோல் உளுந்து 100, கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25 கிராம், மஞ்சள் தூள், கல்லுப்பு, கைநிறையக் கறிவேப்பிலை. எல்லாவற்றையும் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைத்தால் மறுநாள் லேசாகப் புளித்து வாடை வரும். அந்த வாடைதான் முக்கியம். பகலில் வெயிலில் பரப்பி, சாயங்காலம் திரட்டி உருட்டி வைத்து, மறுநாள் உடைத்து மறுபடி பரப்ப வேண்டும். ஏழெட்டு நாள் இப்படியே. கடைசியில் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து எலுமிச்சை அளவில் இறுக்கமாக உருண்டை பிடித்து, உள்வரை காயவிட்டு ஜாடியில் போட்டால் ஒரு வருஷம் வரும். இது என் அக்கா சொன்ன கணக்கு. அடுத்த தெருவில் வேறு கணக்கு இருக்கும்.

விளக்கெண்ணெய் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அதை மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்கள், எனக்கும் அந்த ஞாபகம்தான். ஆனால் உருண்டை உதிராமல் நிற்பதும் பூச்சி அண்டாமல் இருப்பதும் அதனால்தான். பிரெஞ்சு டப்பாவில் விளக்கெண்ணெயும் இல்லை, உளுந்தும் இல்லை.

இவ்வளவு தெரிந்தவன்போல் எழுதுகிறேனே, இதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி காலமான மூன்றாம் மாதம் சமையலறை அலமாரியை நானே ஒழித்தேன். மேல்தட்டில் ஒரு பீங்கான் ஜாடி. உள்ளே கருப்புக் கருப்பாய் ஏழெட்டு உருண்டை. பழைய புளி கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உருண்டைகளைக் குப்பை வண்டியில் கொட்டினேன். அடுத்த வாரம் அக்கா போனில், "அவ போன சித்திரையில போட்ட வடவம் இருக்குமேடா, மீன் கொழம்புக்குப் போட்டியா?" என்று கேட்டாள்.

முப்பத்தெட்டு வருஷம் அதைச் சாப்பிட்டவன் நான். எண்ணெயில் பொரியும் வாசனை தெருமுனைக்கு வந்தாலே இன்றைக்கு வஞ்சிரமா, கருவாடா என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்த உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. மொட்டை மாடியில் அவள் பரப்பி வைத்தபோது காக்கை ஓட்டக்கூடப் போனதில்லை. ஆபீஸ், ரயில், பேப்பர். அக்காவிடம் "போட்டேன்" என்று பொய் சொன்னேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவள் கணினி பார்ப்பதில்லை.

அதனால்தான் இந்த வதுவான் விஷயத்தில் என் நண்பர் ஒருவருக்கு வரும் கோபம் எனக்கு வரவில்லை. செம்பாக்கம் ஏரிப் பக்கம் காலையில் நடக்கும்போது டப்பா கதையைச் சொன்னேன். "நம்ம சரக்கைத் திருடிப் பிரெஞ்சு மசாலாங்கறான்! உடனே புவிசார் குறியீடு வாங்கணும் சார், பதிவு ஆபீஸ் நம்ம கிண்டியிலதானே இருக்கு" என்று குதித்தார். கோப்பு பார்த்தவன் என்ற முறையில் கேட்டேன்: எந்த ஊர் பெயரில் விண்ணப்பிப்பது? 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடத்துப் பொருள் என்று காட்டச் சொல்கிறது. வடவமோ பாண்டிச்சேரியிலும் உண்டு, கடலூரிலும் உண்டு, தஞ்சாவூரிலும் வேலூர்ப் பக்கமும் உண்டு. பாண்டிச்சேரிக்குக் கொடுத்தால் தஞ்சாவூர்க்காரர் சும்மா இருப்பாரா?

திருடினான் என்பதையும் நான் ஏற்கவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து போனவர்கள் கையோடு கொண்டுபோனது, சாப்பிட்டவர்களுக்குப் பிடித்தது, தங்கள் அடுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். வெண்ணெயில் லேசாக வதக்கி மீனுக்கும் பரங்கிக்காய்க்கும் போடுகிறார்கள். போடட்டும். 'பிரெஞ்சு மசாலா' என்பதோடு நிறுத்தாமல் எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வரி அச்சடித்தால் மரியாதை. அவன் டப்பாவில் அடைத்து விற்கிறான். நான் இருந்ததைக் குப்பையில் கொட்டினேன். இதில் யார்மேல் கோபப்படுவது?

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தூளை நம் வடவம்போல் காய்ந்த எண்ணெயில் போடாதீர்கள், நிமிஷத்தில் கருகிக் கசக்கும். நானே போட்டுப் பார்த்து ஒரு சட்டிக் குழம்பைக் கெடுத்தேன். அடுப்பைத் தணித்து, கடைசியில் சேர்க்க வேண்டும். நம் உருண்டை நேர்மாறு. பாதி உருண்டையை உதிர்த்து நல்லெண்ணெய் காய்ந்ததும் முதலில் போட்டு, கடுகு வெடித்து உளுந்து சிவந்த பிறகுதான் மற்றதெல்லாம். வத்தக்குழம்பு, கீரை மசியல், கருவாட்டுக் குழம்பு எதற்கும் ஆகும். பிரெஞ்சுச் சமையல் குறிப்பில் வதுவான் என்று கண்டால் வடவத்தை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துப் போடலாம், விளக்கெண்ணெய் வாசனை கொஞ்சம் தெரியும், பாதகமில்லை.

அக்காவுக்கு எண்பத்து மூன்று. உரலில் இடிக்கக் கை வராது என்கிறாள். "நான் நாற்காலியில ஒக்காந்து சொல்றேன், நீ இடிடா" என்றாள். பேத்தியும் சித்திரையில் பத்து நாள் லீவு போட்டு வருகிறாளாம். மார்க்கெட்டில் மூன்று கிலோ சின்ன வெங்காயத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மாடியில் காக்கை ஓட்டுவது என் பொறுப்பு.