கம்ப்யூட்டர் தவறினால் கூலியை வெட்டுவதா?

2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையின் ஆஜர் பதிவைக் கைபேசிக்கு மாற்றினார்கள். படம் ஏறாத நாளில் உழைத்தவருக்கும் கூலி போயிற்று. யந்திரத்தின் பழுதுக்கு ஏழைக்குத் தண்டனையா என்று கேட்கிறோம்.

பிரிட்டனிலும் இதே கதைதான். 1999-ல் தபால் நிறுவனம் புகுத்திய ‘ஹொரைசன்’ கம்ப்யூட்டர் கணக்கைப் பிசகாகக் காட்டியது. முறையிட்ட தபால் நிலையக்காரர்களிடம், உமக்கு மட்டுமே இப்படி என்றது நிர்வாகம். திருட்டு, பொய்க்கணக்கு என்று 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். பாதிக்கப்பட்டோரில் 555 பேர் ஒன்றுகூடி வழக்காடினார்கள். 2019-ல் கோர்ட்டு, கம்ப்யூட்டரில் பிழை உண்டென்றது.

நெய்வேலிச் சுரங்கத் தோழர்களே, சுற்றுக் கிராம விவசாயத் தொழிலாளர்களே! யந்திரம் மறுத்தால் தலைவிதியென்று திரும்பாதீர்கள். தேதி, நேரம், திரையில் கண்ட வாசகம் மூன்றையும் எழுதி வையுங்கள். சங்கத்தின் மூலம் சேர்ந்து கொடுங்கள். ‘உமக்கு மட்டுமே’ என்ற பொய் அங்கே செல்லாது!