"புண்பட்டிருந்தால்" என்று சொல்வது மன்னிப்பு இல்லை



நாங்கள் கோயில் தொண்டூழியர்கள். பந்தியில சாம்பார் ஊற்றுறவங்க, செருப்பு வைக்கிற இடத்தைப் பார்த்துக்கிறவங்க, விழா முடிஞ்சு எல்லாரும் போன பிறகு நாற்காலி மடக்குறவங்க. வேலை முடிஞ்ச கையோட எம்ஆர்டி பிடிச்சு ஓடி வர்ற ஆளுங்க. மேடையில் பேசும் இடம் எங்களுக்கு இல்லை. அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

இந்த நவராத்திரியில் ஒரு சொற்பொழிவாளர் அம்பாளின் பெருமையை அருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் கூட்டத்தைச் சிரிக்க வைக்க, கணவனைப் பிரிந்து தாய்வீட்டில் இருக்கும் பெண்களைப் பற்றி ஒரு 'ஜோக்' அடித்தார். 'வாழாவெட்டி' என்றார். அப்படிப்பட்டவள் முகத்தில் விழித்தால் போகிற காரியம் உருப்படாது என்றார். மண்டபம் சிரித்தது. உண்மையைச் சொல்லணும்னா, எங்களிலும் சிலர் சிரிச்சோம்.

அதே மண்டபத்தின் ஓரத்தில் ஓர் அக்கா மறுநாள் அலங்காரத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார். பல வருஷமா அம்பாளுக்கு மாலை கட்டுறவர். கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அந்தக் குழந்தை இப்போ பள்ளிக்கூடம் போகுது, அன்றைக்கு அம்மா பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தது. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டின சரத்தை வாழை இலையில் சுருட்டி வச்சுட்டு, மகள் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் கோயில் பக்கம் வரலை. அவரிடம் கேட்டு, அவர் சரின்னு சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறோம்.

சில பேர் நிர்வாகத்திடம் போய்ச் சொன்னோம். மறுநாள் பேச்சாளர் உரையை முடிக்கும்போது, பாதிப் பேர் பிரசாதத்துக்கு எழுந்த நேரத்தில், சிரித்துக்கொண்டே இப்படிச் சொன்னார்: "நேத்து சும்மா தமாஷுக்குச் சொன்னேன். இந்தக் காலத்துல வாயைத் திறந்தாலே தப்பாயிடுது. யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க." கைதட்டல். பொன்னாடை. படம் எடுத்தாச்சு. "அதான் மன்னிப்புக் கேட்டுட்டாரே, இன்னும் என்ன?" என்று எங்களைக் கேட்டார்கள்.

இன்னும் என்ன என்பதைத்தான் சொல்ல வருகிறோம். அது மன்னிப்பே இல்லை.

"யார் மனசாவது" என்றால் யார்? "புண்பட்டிருந்தா" என்றால், புண்பட்டதா இல்லையா என்பதே சந்தேகமா? தப்பு செய்தவர் சொன்ன சொல்லை விட்டுவிட்டு, கேட்டவர் மனசைக் குற்றவாளி ஆக்குகிற பேச்சு இது. என் வார்த்தையில கோளாறு இல்லை, உன் மனசு மெல்லிசு என்று அர்த்தம். முதல் நாள் ஒரு அடி. மறுநாள் மன்னிப்பு என்ற பெயரில் இன்னொரு அடி.

நம்ம கோயிலிலேயே தினமும் நடப்பதைப் பாருங்கள். பூசை முடிவில் குருக்கள் இறைவனிடம் பிழை பொறுக்கச் சொல்லி வேண்டுகிறார். மந்திரத்தில் குறை, கிரியையில் குறை, பக்தியில் குறை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக் கேட்கிறார். "சாமி, உங்களுக்குச் சங்கடமா இருந்திருந்தா" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சாமியிடம் ஒரு மாதிரி, சாமிக்குப் பூ கட்டுகிறவளிடம் ஒரு மாதிரியா?

சொற்பொழிவாளர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்த கதையையே அவர்களுக்கு நினைவுபடுத்துகிறோம். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருந்தார்கள். சுந்தரர் அவர்களை முன்வந்து வணங்காமல் ஒதுங்கிச் சென்றார். விறன்மிண்ட நாயனார் விடவில்லை. சுந்தரரும் புறம்பு, அவரை ஆட்கொண்ட சிவனும் புறம்பு என்று முகத்துக்கு நேரே சொன்னார். சுந்தரர் யார்? இறைவனுக்கே தோழர். அவர் என்ன செய்தார்? மனசுக்குள்ள வணங்கினேன், நீங்கதான் தப்பா எடுத்துக்கிட்டீங்க என்று விளக்கம் கொடுக்கவில்லை. திருத்தொண்டத்தொகை பாடினார். ஒவ்வோர் அடியாராகப் பெயர் சொல்லி, அவர்களுக்குத் தாம் அடியவன் என்று பதினொரு பாட்டில் பாடினார். அந்தப் பதிகத்தின் விரிவுதான் சேக்கிழாரின் பெரியபுராணம். பொத்தாம்பொதுவாக "யாராவது வருத்தப்பட்டிருந்தால்" என்று அன்றைக்கு அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தால், இன்றைக்கு அறுபத்து மூவர் வரிசை நமக்கு ஏது?

அந்த அறுபத்து மூவரில் காரைக்கால் அம்மையாரும் ஒருவர். கணவன் பரமதத்தன் அவரைப் பிரிந்து போய், பாண்டிய நாட்டில் வேறு பெண்ணை மணந்தவன். பேச்சாளர் சொன்ன கணக்குப்படி அம்மையாரை எந்தச் சொல்லால் அழைப்பது? இறைவன் அவரை "அம்மை" என்று அழைத்தான். மற்ற நாயன்மார்கள் நிற்க, அவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் திருவுருவத்தை நாம் கும்பிடுகிறோம். அவர் கதையை மணிக்கணக்கில் சொல்லக்கூடிய வாயில் அந்தச் சொல் எப்படி வந்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

சிங்கப்பூரில் இருக்கிறோம். சமய நல்லிணக்கத்தைக் காக்க 1990-லேயே தனிச் சட்டம் நிறைவேற்றிய நாடு இது. 2010-ல் ஒரு கிறிஸ்துவப் போதகர் பௌத்தத்தையும் தாவோயிசத்தையும் இழிவாகப் பேசிவிட்டு, அந்தச் சமயத் தலைவர்களை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். 2017-ல் ஓர் இமாம் பல சமயப் பிரதிநிதிகள் முன் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகும் நீதிமன்றம் விதித்த 4,000 வெள்ளி அபராதத்தைக் கட்டினார். அடுத்த சமயத்தாரைப் புண்படுத்தினால் கேட்க சட்டம் இருக்கிறது. நம்ம மேடையில் நம்ம பெண்ணையே புண்படுத்தினால் யார் கேட்பது? நாம்தான் கேட்கணும்.

அப்படியென்றால் மன்னிப்பு எப்படி இருக்கணும்? எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

எந்த மைக்கில் பேசினாரோ அதே மைக்கில். உரை தொடங்கும் முன்பு, மண்டபம் நிறைந்திருக்கும்போது. கணவனைப் பிரிந்து வாழும் பெண்களை இழிவாகப் பேசினேன், அது தவறு என்று தவறைத் தெளிவாகச் சொல்லணும். அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லி இன்னொரு தடவை சிரிப்பு வாங்கக் கூடாது. "இருந்தால்" வேண்டாம். "எங்க ஊர்ல இது சாதாரணம்" வேண்டாம். சொல்லி முடித்ததும் நிறுத்தணும். உடனே ஒரு குட்டிக் கதைக்குத் தாவக் கூடாது.

முக்கியமாக, அந்த அக்காவை மேடைக்கு இழுத்து எல்லார் முன்னாடியும் "மன்னிச்சுட்டேன்" என்று சொல்ல வைக்கக் கூடாது. அது அவமானத்தின் மேல் அவமானம். அவர் சம்மதித்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். வேண்டாமென்றால் விட்டுவிடணும். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் உரிமை.

நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. மைக்கைக் கொடுத்தது நீங்கள். கோயில் பக்கத்தில் அந்த வீடியோ இன்னும் அப்படியே கிடக்கிறது. அந்தப் பகுதியை நீக்குங்கள், ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி போடுங்கள்.

"பெரியவரைப் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்வதா?" என்கிறார்கள். வயசுக்கும் படிப்புக்கும் நாங்கள் தலை வணங்குகிறோம். அவர் உரையில் நாங்கள் கற்றது நிறைய. அவர் வரவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மேடை உயரமா இருக்கிறதாலதான் அங்கிருந்து விழுகிற சொல் பலமா அடிக்குது. "கோயில் விஷயத்தை ஏன் வெளியில பேசுறீங்க?" என்றும் கேட்கிறார்கள். முதலில் மைக் வைத்து வெளியில் பேசியது நாங்கள் இல்லை.

எங்கள் பங்குக்கும் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு எங்களில் சிலர் சிரித்தோம். மற்றவர்கள் எழுந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தவறு. போன வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் அதைச் சொன்னோம். டீ போட்டுக் கொடுத்தார். கோயிலுக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகள்தான் கேட்டாள்: "அந்தத் தாத்தா மறுபடியும் வருவாரா?"

மார்கழி திருவெம்பாவைச் சொற்பொழிவுக்கு அவரையே அழைக்கப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறோம். வரட்டும். முதல் நாள், முதல் வார்த்தை மன்னிப்பாக இருக்கட்டும். அதைக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளைக்கு நாங்கள் பதில் சொல்கிறோம்.

திருச்சிற்றம்பலம்.