கியர்ப்பெட்டியை மாற்றலாமா?

அண்மையில் எம் பழைய மாணவர் சிலர் வத்தேகம நகரில் ஒன்றுகூடி, அங்கிருந்து மகியங்கனை நோக்கி ஒருநாட் பயணம் மேற்கொண்டோம். தெல்தெனியாவையும் உடுதும்பறையையும் கடந்தபின், பாதை ‘பதினெட்டு வளைவு’ எனப் பெயர்பெற்ற வளைவுகளாய்ச் சுருண்டு மகாவலிச் சமவெளியில் இறங்குவதை அன்பர்கள் அறிவர். எம்முள் ஒருவர் யப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு உரிமையாளர். அது ஓட்டோ கியர் என வழங்கும் தன்னியக்கக் கியர் பொருந்தியது. யாம் அவருக்கருகே அமர்ந்திருந்தோம். நண்பர் கியர்த்தண்டைத் தொடாது, காலைப் பிரேக்கின்மேல் வைத்தவாறே இறங்கினார். பாதி வளைவுகள் கழிந்ததும் கருகல் நாற்றம் எழுந்தது. மிதிபடியும் முன்னிலும் ஆழமாய் அமிழ்ந்தது. தெய்வாதீனமாய்க் காரை மலைப்பக்கமாய் ஒதுக்கி நிறுத்தி, சூடு தணிந்தபின் கீழ்க்கியரில் மெல்ல இறங்கி உயிர் தப்பினோம்.

அன்று மாலை நண்பர், “இந்த ஓட்டோ கியரைக் கழற்றிவிட்டுக் கைக்கியர் பூட்டப்போகிறேன். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்று வினவினார். அவ்வினாவிற்குரிய விடையையே இம்மலரில் எழுதத் துணிந்தோம். ஏனெனில், அவர் எண்ணம் அவருக்கு மாத்திரம் உரியதன்று. எம் நாட்டுக்கு வந்த யப்பானியக் கார்களுட் பெரும்பாலானவை தன்னியக்கக் கியருடையன. 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. ஆகவே கைக்கியர்க் கார் தேடியலைவதிலும், உள்ள காரை மாற்றியமைப்பதே மேலென எண்ணும் இளைஞர் எம்மிடையே பலராயினர்.

முதலில் ஒன்றை ஒளியாது கூறுவோம். அன்று பிழைத்தது பெட்டியன்று, ஓட்டியவரே. கார் இறங்கும்போது அதன் வேகம் பிரேக்குகளில் வெப்பமாய் மாறுகின்றது. ஈரத்தை ஈர்க்கும் இயல்புடைய பிரேக் எண்ணெய் பழையதாயிருப்பின் விரைவிற் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்குமாதலின் மிதிபடி வெறுமனே அமிழும். கீழ்க்கியரில் இறங்கினாலோ, இயந்திரமே சில்லுகளைப் பிடித்து நிறுத்தப் பிரேக்கின் சுமை குறையும். ‘ஏறும் கியரிலேயே இறங்கு’ என்பது மலைநாட்டு லொறிச் சாரதிகளின் பழைய விதி. தன்னியக்கக் கியரிலும் கீழ்க்கியரைத் தெரிவுசெய்ய இடமுண்டு. அதனை அறியாதவர் கைக்கியர் பூட்டினாலும், மேற்கியரிலேயே உருண்டு வந்து அதே வளைவில் அதே நாற்றத்தை முகர்வர்.

அங்ஙனமாயின் மாற்றுதல் வீண் முயற்சியோ? அவ்வாறும் கூறோம். 1940 ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ‘ஹைட்ரா-மற்றிக்’ என்னும் தன்னியக்கப் பெட்டி வந்தது, சாரதியின் இடக்காலுக்கும் கைக்கும் ஓய்வளித்தற்கே. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரை விரும்பி வாங்குபவர் ஓய்வை விரும்பி வாங்குவதில்லை. வளைவு வருமுன்னரே கியரைத் தெரிந்து, கிளச்சை மிதித்து, இயந்திரத்தின் ஒலியறிந்து செலுத்துவதில் ஓர் இன்பமும் பயிற்சியும் உண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் வேகத்தின் பொருட்டு மாற்றுவதாகச் சொல்வோர், 1989 இல் பெராரி நிறுவனம் சுக்கானின் பின்னுள்ள பிடிகளால் கியர் மாற்றும் காரைப் பிரேசில் பந்தயத்தில் இறக்கி வென்றதை நினைவிற் கொள்க. பந்தய உலகமே கைத்தண்டைக் கைவிட்டு நெடுநாளாயிற்று. ஆகவே இம்மாற்றத்துக்கு உண்மையான நியாயம் ஓட்டுபவரின் விருப்பமேயன்றி வேறில்லை. விருப்பம் குற்றமன்று, அதன் விலையை அறியாதிருத்தலே குற்றம்.

அவ்விலைதான் யாது? பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஒரு பெட்டியை மாத்திரம் வாங்கிவந்து பூட்டிவிடலாமென்று எண்ணுதல் பேதைமை. எண்ணெயின் வாயிலாக வலுவைக் கடத்தும் உறுப்பையும் அதனைத் தாங்கும் மெல்லிய தகட்டையும் நீக்கிப் பறப்புச்சில்லு பூட்டவேண்டும். கிளச்சுத் தட்டு, அழுத்தத் தட்டு, விடுவிக்கும் பேரிங், கிளச்சு மிதிபடி, அதன் எண்ணெய் உருளைகள், பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டம் என்பனவும் வேண்டும். பின்சில்லுகளுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் நீள்தண்டின் அளவும், பின்னச்சுப் பற்சக்கரங்களின் விகிதமும் மாறுபடலாம். காரின் கணினியோ பழைய பெட்டியைக் காணாது எச்சரிக்கை விளக்கை ஏற்றும். சிலவிடத்து இயந்திரத்தின் வலுவையும் குறைக்கும். ஆதலின் அதே வகைக் கைக்கியர்க் கார் ஒன்றின் உறுப்புகளை ஒருசேரப் பெறுதலே நன்று.

இத்தனையும் செய்தபின்னும் கார் தன் கைக்கியர் உடன்பிறப்பாய் மாறிவிடும் என்பதற்கு உறுதியில்லை. 2003 இல் வெளிவந்த மஸ்டா ஆர்.எக்ஸ்.8 காரை எடுத்துக்கொள்வோம். யப்பானிய விற்பனையில் ஆறு கியர்க் கைப்பெட்டியுடைய உயர்வகைக்கு 250 குதிரைவலு. நான்கு கியர்த் தன்னியக்க வகைக்கு 210 குதிரைவலு. வேறுபாடு பெட்டியில் மாத்திரமன்று. இயந்திரத்தின் காற்று நுழைவாயில்களும் முன்னதில் ஆறு, பின்னதில் நான்கு. பெட்டியை மாற்றியவர்க்குப் பெட்டி கிடைக்கும். நாற்பது குதிரைவலு கிடையாது.

பணமும் வலுவும் நிற்க. எம்மை உறங்கவிடாத பொருள் வேறொன்று. தன்னியக்கக் காரில், தண்டு நிறுத்த நிலையிலோ நடுநிலையிலோ இருந்தாலன்றி இயந்திரம் தொடங்காது. மாற்றும்போது அக்காவல் குறுக்கே நிற்பதனால், இரண்டு கம்பிகளை முறுக்கி இணைத்துவிட்டுக் கார் தொடங்குகிறதென்று மகிழ்வோர் உளர். அதன்பின் கியரில் விட்ட காரில் எவரேனும் சாவியைத் திருப்பினால், அது முன்னோக்கித் துள்ளும். முற்றத்தில் நிற்பது குழந்தையாயின் எவர் பொறுப்பு? அவ்விணைப்பைக் கிளச்சு மிதிபடியில் ஓர் ஆளியாக அமைத்தல் சிறு வேலையே. அங்ஙனமே, தன்னியக்கப் பெட்டியுள் ஒரு பற்கொழுவி காரை நிறுத்திப் பிடித்திருக்கும். பெட்டி போனால் அதுவும் போகும். கண்டிச் சீமையிற் சமநிலம் ஏது? கைப்பிரேக்கைச் செம்மை செய்யாமலும், நிறுத்துங்கால் கியரில் விட்டுச் செல்லும் வழக்கத்தைப் பழகாமலும் இம்மாற்றத்தில் இறங்குபவர், தம் காரைத் தெருவோர் மீது ஏவிவிடுபவரே ஆவர். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் மறைத்தலும் தகாது.

எனவே எமது துணிபு இதுவே. முதலில், உள்ள கியரைக் கொண்டு மலையிறங்கப் பழகுக. பிரேக் எண்ணெயைப் புதுப்பிக்க. அதன்பின்னும் விருப்பம் குன்றாதாயின் முழுமையாக மாற்றுக, அரைகுறையாய் மாற்றற்க. நீக்கும் ஒவ்வோர் உறுப்பும் என்ன காவல் செய்துகொண்டிருந்தது என்று கேட்டு, அக்காவலுக்கு ஈடு வைத்த பின்னரே அதனைக் கழற்றுக.

எம் நண்பர் இன்னும் மாற்றவில்லை. வத்தேகமத்திலிருந்து பன்விலைப் பாதையில் ஏறிக் கீழ்க்கியரில் இறங்கிப் பயின்று வருகின்றார். அடுத்த ஆண்டு மாற்றுவாராயின், முதற் பயணத்தில் அவருக்கருகே அமர யாம் அஞ்சோம். செய்வதனை அறிந்து செய்க என்று இளமையில் எமக்கு உணர்த்திய கல்லூரி அன்னைக்கு, தன் மைந்தர் மலைப்பாதையிலும் அதனை மறவாமையே யூபிலிக் காணிக்கையாகும்.