கண்ணு துடிக்குதா? வலதா, இடதா?

போன வாரம் மூணு நாளா எனக்குக் கண்ணு துடிச்சுது. இடது கண், கீழ் இமை. ஆபீஸ்லயும் சரி, டீக்கடையிலயும் சரி, யார்கிட்ட சொன்னாலும் ஒரே கேள்விதான்: "வலதா, இடதா?" இடதுன்னதும் எல்லார் முகத்துலயும் ஒரு பரிதாபம். ஆம்பளைக்கு இடது கண் துடிச்சா ஆகாதாம். "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே? எத்தனை காபி குடிச்சே?"ன்னு ஒருத்தரும் கேக்கலை. கேட்டிருந்தா விஷயம் முடிஞ்சிருக்கும். ராத்திரி ரெண்டு மணி, ஆறு காபி. ஹி ஹி.

சிரிச்சுட்டுப் போயிருப்பேன். ஆனா எங்க சித்தி ஞாபகம் வந்துடுச்சு.

அவங்களுக்கும் இடது கண்தான். "பொம்பளைக்கு இடது துடிச்சா நல்ல சேதி வரும். சீதைக்குத் துடிச்சப்புறம்தானே அனுமன் வந்தார்"னு பாட்டி சந்தோஷப்பட்டாங்க. அனுமன் வரலை. துடிப்புதான் கன்னத்துக்கு வந்துச்சு. அப்புறம் வாயோரமும் இழுத்துச்சு. தூக்கத்துலகூட நிக்கலை. ஒரு கல்யாண வீட்டுல யாரோ சித்தி கண்ணடிக்கிறாங்கன்னு சொல்லிச் சிரிக்க, அதுக்கப்புறம் விசேஷங்களுக்குப் போறதையே விட்டுட்டாங்க. ஆறு வருஷம்!

கடைசியில நரம்பு டாக்டர் ஒருத்தர் முகத்தைப் பார்த்ததுமே சொல்லிட்டார், ஹெமிஃபேஷியல் ஸ்பாசம். மூளையிலிருந்து ஏழாவது நரம்பு கிளம்புற இடத்துல ரத்தக்குழாய் ஒண்ணு அழுத்துறதாலதான் பெரும்பாலும் இது வருது. அபூர்வமா கட்டியும் காரணமா இருக்கலாம்ங்கிறதால எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பாங்க. போட்டாக்ஸ் ஊசி போட்டா மூணு மாசம் போல அடங்கும், திரும்பப் போடணும். அழகுக்குப் போடுற அதே ஊசிதான். ஆனா அமெரிக்காவுல 1989-ல அதுக்கு முதல் அனுமதி கிடைச்சதே மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். நிரந்தரமா தீரணும்னா, காதுக்குப் பின்னால சின்னதா திறந்து, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவுல டெஃப்லான் வைக்கிற ஆபரேஷன் இருக்கு. சித்தி ஊசியோட நிறுத்திக்கிட்டாங்க. இப்போ கல்யாணத்துல முதல் வரிசை!

எல்லாத் துடிப்பும் இப்படி இல்லை மக்களே, பயப்படாதீங்க. நூத்துக்குத் தொண்ணூறு, என்னை மாதிரி தூக்கமின்மை, காபி, டென்ஷன், கண் வறட்சி கேஸ்தான். சில நாள்ல, மிஞ்சினா சில வாரத்துல தானா போயிடும். ரெண்டு கண்ணும் சேர்ந்து இறுக மூடிக்கிட்டா அது பிளெஃபரோஸ்பாசம், வேற கதை. அதுக்கும் ஊசி உண்டு. சில வாரம் தாண்டினாலோ, கன்னத்துக்குப் பரவினாலோ, கண்ணு முழுசா மூடிக்கிட்டாலோ, இமை தொங்கினாலோ டாக்டரைப் பாருங்க. திடீர்னு முகம் ஒரு பக்கம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினா அது பக்கவாதமா இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

சகுனம் பார்க்காதீங்கன்னு நான் சொல்லலை. என் வருத்தமெல்லாம் ஒண்ணுதான். கெட்ட சகுனம்னு சொல்லியிருந்தா சித்தி பயந்துபோய் டாக்டர்கிட்டயாவது போயிருப்பாங்க. நல்ல சகுனம்னு சொல்லி ஆறு வருஷம் காத்திருக்க வெச்சுட்டோம்.

அடுத்த தடவை யாராவது கண்ணு துடிக்குதுன்னா, "வலதா இடதா"க்குப் பதிலா "எத்தனை நாளா?"ன்னு கேளுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இப்போ துடிப்பு நின்னுடுச்சு. காபி ரெண்டாயிடுச்சு.