கீரை கொண்டுவந்த ஆசாரியர்

சேர்ந்து ஆறு மாதம் ஆகாத வேலையை விட்டு, கூடுதல் ஊதியத்துக்கு வேறிடம் போகலாமா என்று கேட்கும் பேரப்பிள்ளைக்கு ஆளவந்தாரின் வரலாற்றைச் சொல்லலாம்.

ஆக்கியாழ்வானை வாதில் வென்று, இளவயதிலேயே பாதி ராஜ்யம் பெற்றவர் அவர். அரண்மனையில் அவரை அணுக இயலாத மணக்கால் நம்பி, மடைப்பள்ளி வழியே ஆறு மாதம் தூதுவளைக் கீரை சேர்ப்பித்தார். சளிக்குப் பாட்டிமார் துவையல் அரைக்கும் அதே கீரைதான். பிறகு நிறுத்திவிட்டார். கீரை வராதது கண்டு விசாரித்த ஆளவந்தார், நம்பியை வரவழைத்து, வேண்டியது யாதெனக் கேட்டார். பெறுவதற்கன்று, பாட்டனார் நாதமுனிகள் வைத்துச் சென்ற நிதியைத் தருவதற்கே வந்ததாக நம்பி கூறினார்.

நிதி என்றதும் ஆளவந்தார் புறப்பட்டுவிடவில்லை. முதலில் நம்பியிடம் கீதையின் பொருளைக் கேட்டார். பின்னரே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அரவணையில் துயிலும் அரங்கனைச் சேவித்தார். அரண்மனைக்கு அவர் திரும்பவேயில்லை.