திறமை இருந்தால் ஜெயிக்கலாமாம்!

பதிவு கொஞ்சம் நீளம்தான். கணக்குப் பாடம் நடத்திப் பழகியவனுக்குச் சுருக்கமாக முடிக்க வராது. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பழைய மாணவன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெயர் வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், வாய்ப்பாட்டில் கெட்டி. செல்போனில் ரம்மியும் போக்கரும் ஆடி, இரண்டு வருடத்தில் பைக்கையும் மனைவியின் வளையலையும் இழந்திருக்கிறான். நான் ஆறுதல் சொல்ல வாயெடுக்கும் முன்னே அவனே சொன்னான்:

"சார், தப்பு ஆட்டத்துல இல்ல, என்கிட்டதான். பெரிய காசு வச்சு ஆடிட்டேன், சரியா கத்துக்கவும் இல்ல. இனி ஒரு ரூபா, ரெண்டு ரூபா மேசையில திறமையா ஆடி விட்டதப் புடிச்சிரலாம். இது திறமை விளையாட்டுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கே!"

அதற்கப்புறம் எனக்குப் பாயசம் இறங்கவில்லை. நாலு பேர் நடுவில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அவன் ஒருவன் மட்டும் இப்படி நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

முதலில் நியாயமாகப் பேசுவோம். சீட்டில் திறமையே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சனிக்கிழமை மத்தியானங்களில் சக ஆசிரியர்களோடு பாயிண்டுக்கு ஐந்து பைசா ரம்மி ஆடியவன்தான் நானும். இறங்கிய சீட்டை நினைவில் வைப்பவனும், கை மோசமென்றால் உடனே ஸ்கூட் அடிப்பவனும் மற்றவனைவிடக் குறைவாகத் தோற்பான்.

போக்கரிலும் அதே கதைதான். முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டும் ஜோடியாக அமைவது சராசரியாக 17 ஆட்டத்துக்கு ஒருமுறை. ஆகவே பெரும்பாலான கைகளைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரிவதுதான் அங்கே முதல் திறமை. இரண்டாவது, தோற்றதும் ரோஷப்படாமல் இருப்பது. மூன்றாவது, எழுந்து போகத் தெரிவது.

இப்போது சொல்லுங்கள். "விட்டதப் புடிக்கணும்" என்று உட்காருகிறவனிடம் இந்த மூன்றில் எது இருக்கிறது?

சரி, மூன்றும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுகிறேன். ஆறு பேர், ஆளுக்கு 100 ரூபாய். மேசைக்கு வந்த மொத்தப் பணம் 600. ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் 60 ரூபாய் சேருகிறது. ஆட்டம் நடத்துகிறவர் 5 சதவீதம் கமிஷன் எடுக்கிறார், அதாவது ஆட்டத்துக்கு 3 ரூபாய். 200 ஆட்டத்துக்குக் கமிஷன் எவ்வளவு?

600 ரூபாய். மேசைக்கு வந்த முழுப் பணமும்!

செல்போனில் சீட்டு கலைக்கும் நேரம்கூடக் கிடையாது. மணிக்கு 60 ஆட்டம் ஓடினால் மூன்றரை மணி நேரத்துக்குள் கதை முடிந்தது. பெரிய மேசைகளில் கமிஷனுக்கு ஓர் உச்சவரம்பு வைப்பதுண்டு. சின்ன மேசை அந்த வரம்பைத் தொடவே தொடாது, முழுச் சதவீதமும் போய்விடும். "சின்னக் காசுதானே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியும் சிலர் ஜெயிக்கிறார்களே, எப்படி? தன்னைவிடத் தெரியாதவன் உட்கார்ந்திருக்கும் மேசையைத் தேடிப் போகிறார்கள். சின்னப் பந்தயத்தில் ஜெயிக்க மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான திறமை அதுதான். யார் அந்தத் தெரியாதவன்? மாட்டுத்தாவணியில் சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரத் தம்பி. என்னிடம் படித்த இன்னொருவனாகவும் இருக்கலாம். நீ ஜெயித்தால் அவன் வீட்டில் உலை கொதிக்காது, தோற்றால் உன் வீட்டில். நடத்துகிறவருக்கு எப்படியும் லாபம்.

நம் ஊரில் ஆடுபுலி ஆட்டம் இருந்தது. கல்தரையில் கோடு கீறி, மூன்று புலி, பதினைந்து ஆடு. அதிர்ஷ்டத்துக்கு அதில் இடமே இல்லை. திறமை விளையாட்டு என்றால் அது. அதில் தோற்று யாரும் வளையலை அடகு வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கோர்ட் விஷயத்துக்கும் வருகிறேன். 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றது உண்மை. ஆட்டத்திலிருந்து இடத்துக்காரர் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடையிலிருந்து ரம்மியையும் போக்கரையும் விலக்கியதும் உண்மை. ஆனால் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று தமிழ்நாடு அரசு தரப்பில் விதி வந்தபோது, 2025 ஜூனில் அதே உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்து சட்டம் நிறைவேற்றியது.

திறமை என்பது சட்டம் வகை பிரிக்கப் பயன்படுத்திய சொல், அவ்வளவுதான். நீ ஜெயிப்பாய் என்று எந்த நீதிபதியும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை!

பெரிய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. இப்போது டெலிகிராமில் ஏதோ வெளிநாட்டு லிங்க் வருகிறதாம், அதில் ஆடப் போகிறானாம். அங்கே பணம் போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவாய், தம்பி?

வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். தோற்பவனை விட்டுவிட்டு, ஜெயிப்பவனுக்குத்தான் முதல் எச்சரிக்கை. ஏன் என்று யோசியுங்கள். தோற்றவன் என்றாவது எழுந்து போவான். ஒருமுறை ஜெயித்தவன் போகவே மாட்டான்.

இதைப் படிக்கிற உறவுகளே, உங்கள் வீட்டுப் பையன் இதில் மாட்டியிருந்தால் அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். மன உளைச்சலுக்கு 14416 என்ற அரசு எண் இருக்கிறது, கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

கல்யாணத்தில் பார்த்த தம்பிக்கு: அந்த லிங்கை அழித்துவிடு. கடன் விவரம் முழுவதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. மனைவியையும் கூட்டி வா. மூவரும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம். உனக்கு வாய்ப்பாடு மறந்திருக்காது.